இன்பமணி அக்காவுக்குக் கிடைத்த இரண்டு நிமிஷம்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனையில் நின்று இன்பமணி அக்கா வீடு எது என்று கேட்டால், முன்பெல்லாம் "என்ன, ஜெபம் பண்ணவா?" என்று ஒரு எதிர்க்கேள்வி வரும். இப்போது "யாரு, டிவியில வந்தாவளே அந்த அம்மாவா?" என்கிறார்கள். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓங்கி அறையக் கை பரபரக்கிறது. நான் பக்கத்து வீட்டுக்காரி, சண்முகசுந்தரி. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அக்கா கட்சிக்காரர்களிடம் விலை போய்விட்டாள் என்று பாதி ஊரும், அவளைப் போலப் பக்தியான பொம்பளை உண்டா என்று மீதி ஊரும் பேசிக்கொண்டிருக்கிறது. இரண்டும் இல்லை. அன்றைக்கு அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். டிரங்க் கால் பதிந்துவிட்டு ஜனங்கள் மணிக்கணக்காகக் காத்துக் கிடந்த காலம் அது. உவரியிலிருந்து மீன் வியாபாரி ஒருவர் கத்துவார், சாத்தான்குளத்திலிருந்து கருப்பட்டி வியாபாரி அதைவிடச் சத்தமாகக் கத்துவார். நடுவில் அக்கா புகுந்து "இருங்க அண்ணாச்சி, லைன் தாரேன்" என்று சொன்னால் இரண்டு பேரும் அடங்கிவிடுவார்களாம். அப்படி ஒரு குரல். அவள் வீட்டுக்காரர் சத்தியநேசன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பெண் கேட்டு வந்தேன் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மகன் எஸ்றா கோயம்புத்தூரில் இருக்கிறான், வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். இவள் அசையமாட்டேன் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்கவும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஜெபிக்கவும் இவள் இல்லாமல் ஆகாது.

ஜெபம் என்றால் எங்கள் தெருவில் அது அக்காவுடைய இலாகா. அதற்கு வேதக்காரராக, அதாவது கிறிஸ்தவராக, இருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. தாஜ் முகம்மது பாய் பலசரக்குக் கடையைப் பெரிதாக்கியபோது, பள்ளிவாசலில் இருந்து வந்தவர் ஓதி முடித்த கையோடு அக்காவையும் கூப்பிட்டார். என் மகள் வளைகாப்பின்போது என் பூஜையறைக்கு முன்னாலேயே நின்று சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். போட்டு வைத்த காப்பி ஆறிப்போய் மறுபடி போட வேண்டியதாயிற்று. கண்டக்டர் தலைவலி என்று சொன்னால் ஓடுகிற பஸ்ஸிலேயே ஜெபம். அவர்களுக்குள் அது ஒரு முறை. ஜெபம் பண்ணுங்கள் என்று ஒருத்தர் தலையைக் குனிந்துவிட்டால் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லக்கூடாது. யாருக்காக ஜெபிக்கிறோமோ அவருக்காக முதலில் ஆண்டவருக்கு நன்றி சொல்ல வேண்டும், அந்த ஆளைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது. அக்கா இந்த முறையை ஒரு நாளும் மீறியதில்லை.

யாராவது கேட்டுவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். புதுச் சேலை எடுத்துக் கொடுத்த மாதிரி இருக்கும். "என்னக்கா, இன்னைக்கு எத்தன ஆர்டரு?" என்று நான் கேலி பண்ணுவேன். "போடி இவளே" என்பாள். கோபமெல்லாம் கிடையாது.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். தாமிரபரணி கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது. எங்கள் தெருக் குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், அப்புறம் பழுப்பாக ஏதோ வரும், அப்புறம் நாற்றம் வரும், அதற்கும் அப்புறம்தான் தண்ணீர். சாக்கடைக்கென்று தெருவைத் தோண்டியதிலிருந்து இந்தக் கூத்து. போன தேர்தலில் ஜெயித்த எங்கள் எம்.எல்.ஏ. சுடலைராஜ், கட்சிக்கு மாவட்டத்தில் அவர்தான் எல்லாம், மாலையும் மேளமுமாக வந்து புதுக் குழாய்க்கு அடிக்கல் நாட்டினார். கல் அப்படியே இருக்கிறது. தாஜ் பாய் அதன்மேல் வெங்காய மூட்டையைச் சாய்த்து வைப்பார். குழாயைத்தான் காணோம்.

இந்த மாசியில் தெருவில் வரிசையாக மஞ்சள் காமாலை வந்தது. எதிர் வீட்டுக் கோமு, பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள், அவள் மகள் சுகிர்தாவுக்குத்தான் ரொம்ப முற்றிவிட்டது. பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. கண்ணெல்லாம் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் கிடந்தது. பரீட்சை எழுத முடியவில்லை. தண்ணீரால் வந்தது, அந்தத் தண்ணீரை மறுபடி குடித்தால் மறுபடி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேன் தண்ணீர் வாங்கலாம்தான், ஆனால் பாத்திரம் கழுவ, பல் தேய்க்க எல்லாவற்றுக்குமா வாங்க முடியும்?

அந்த நேரத்தில்தான் உள்ளூர் கேபிள் சேனலில் ஒரு நிகழ்ச்சி அறிவித்தார்கள். இந்தத் தேர்தலில் தொகுதியில் நிற்கிற மூன்று பெரிய கட்சிக்காரர்களையும் ஒரு கல்யாண மண்டபத்து மேடையில் உட்கார்த்தி வைத்து, ஜனங்கள் நேருக்கு நேர் கேள்வி கேட்க வேண்டும். நேரலை. வெட்ட முடியாது, ஒட்ட முடியாது. ஒரு தெருவுக்கு ஒரு ஆள், கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்து இரண்டு நிமிஷம். எங்கள் தெருவுக்கும் ஒரு இடம் கிடைத்தது.

யார் கேட்பது என்று தாஜ் பாய் கடை முன்னால் கூடினோம். "டிவியில ஒரு வாட்டி சொல்லிட்டா மாத்திப் பேச முடியாதுக்கா. எல்லாப் பயலும் செல்போன்ல பிடிச்சு வச்சிருப்பான்" என்றார் பாய். ஆனால் மைக்கைப் பிடித்தால் அவருக்குத் தொண்டை அடைத்துவிடும். கோமு அழுதுவிடுவாள். நான் கேட்டால் அது கேள்வியாக இருக்காது, தெருச் சண்டையாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் நெல்லையப்பன் எல்லார் முன்னாலும் சொன்னார். வீட்டுக்கு வந்து அதற்குரிய மரியாதையைச் செய்தேன், அது வேறு. கடைசியில் எல்லாரும் இன்பமணி அக்காவைத்தான் பார்த்தோம். மைக் பழக்கம் உண்டு, குரல் உண்டு, யாரும் எதிர்த்துப் பேச முடியாத வயது உண்டு.

கோமு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். என்னைக்கு வரும்னு ஒரு தேதிய மட்டும் வாங்கிட்டு வந்துருங்க. அதுவரைக்கும் பிள்ளைய எங்கம்மா வீட்ல கொண்டு விட்டுருவேன்."

"வாங்கிட்டு வாரேன் கோமு" என்றாள் அக்கா.

பழக்கிவிட்டது நான். அவள் முதலில் ஆரம்பித்ததைக் கேட்டால் நீங்களும் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். 'மாண்புமிகு ஐயா அவர்களுக்கு எங்கள் தெருவின் சார்பில் அன்பின் வாழ்த்துக்களைத் தெரிவித்துக்கொண்டு' என்று போனாள். "அக்கா, அவருக்கு வெள்ளி விழாவா கொண்டாடுதோம்?" என்றேன். 'தயவுசெய்து' வெட்டினேன், 'தாழ்மையுடன்' வெட்டினேன், 'உங்களுக்கு வேலைகள் அதிகம் என்று தெரியும்' என்று ஒன்றைப் பிடிவாதமாக வைத்திருந்தாள், அதையும் வெட்டினேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "எங்க தெருவுல கல்லு நட்டீங்க. குழாய் எங்க? என்னைக்கு வரும்? தேதியச் சொல்லுங்க." கூடத்தில் நடந்துகொண்டே அதை உருப்போட்டாள். போகும்போது ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரும் பிடித்துக்கொண்டு போனோம். மண்டப வாசலில் சோதனை பண்ணுகிறவன் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டான். போகட்டும், வாய் இருக்கிறதே என்று உள்ளே போனோம்.

நிகழ்ச்சி நன்றாகத்தான் நடந்தது. ஒரு காலேஜ் பெண் எழுந்து வேலை வாய்ப்பைப் பற்றிச் சுடலைராஜைக் கேட்டாள். போன தேர்தலில் சொன்னது என்ன, செய்தது என்ன என்று அடுக்கினாள். மனுஷனுக்கு வியர்த்துவிட்டது. அது நீண்ட காலத் திட்டம், அது மத்தியில் இருப்பவர்கள் கையில் என்று சுற்றி வளைத்தார். "அப்ப நீங்க ஏன் வாக்குக் குடுத்தீங்க?" என்றாள் அந்தப் பெண். மண்டபம் முழுக்கக் கைதட்டல். எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் கல்யாணச் சாப்பாட்டுக்கு இலை போட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் அக்காவின் தொடையில் தட்டினேன். "அடுத்தது நாமதான். இதே மாதிரி போடணும்."

நிகழ்ச்சி நடத்துகிற பெண் அறிவித்தாள். "அடுத்து கேள்வி கேட்கப் போகிறவர் திருமதி இன்பமணி சத்தியநேசன்."

அக்கா எழுந்தாள். மைக்கை வாங்கினாள். வாயைத் திறக்கிறாள், அதற்குள் சுடலைராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இன்பமணி அம்மாவா? அம்மா, உங்க ஜெபத்தப் பத்தி எங்க வீட்ல சொல்லாத நாள் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே மேடையை விட்டு இறங்கி, நடுவழியில் நடந்து, நேராக அக்கா முன்னால் வந்து நின்றார். கேமராக்காரன் அவர் பின்னாலேயே ஓடி வந்தான். "நீங்க எவ்வளவு வேணும்னாலும் கேளுங்கம்மா. பதில் சொல்லத்தான் வந்திருக்கேன். அதுக்கு முன்ன எனக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிருங்க." சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி தரையில் புரள, குனிந்து தலையைக் காட்டினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கேள்வியைக் கேளுங்கக்கா என்று ஒரு குத்து விட்டிருக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஆள் அவ்வளவு பக்கத்தில் குனிந்து நிற்கிறதைப் பார்த்து நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தேன்.

அவள் கை தானாக மேலே போனது. சேலைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் கையை அவர் தலையில் வைத்தாள். "அன்பின் பரலோகப் பிதாவே" என்று ஆரம்பித்தாள்.

அந்த மைக்கில் அந்தக் குரல் எப்படிக் கேட்டது தெரியுமா? மண்டபமே எழுந்து நின்றுவிட்டது. காலேஜ் பெண்கூடக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இந்த அருமையான மகனுக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம், ஆண்டவரே. இந்த ஜனங்களுக்காக இவர் படுகிற பிரயாசங்களை நீர் அறிவீர். இவருடைய போக்கிலும் வரத்திலும் கூட இரும். இவருக்கு நல்ல சுகத்தைத் தாரும். இவரை உயர்த்தும், ஆண்டவரே, இன்னும் உயர்த்தும்." அவர் மனைவிக்காக ஜெபித்தாள். பிள்ளைகளுக்காக ஜெபித்தாள். மேடையில் இருக்கிற மற்ற இருவருக்காக, சேனல்காரர்களுக்காக, மைக் கொடுத்த பையனுக்காக, தேசத்துக்காக, மழைக்காக. எதையும் விடவில்லை. வழக்கமாக அப்படித்தான் ஜெபிப்பாள், சுருக்கத் தெரியாது. பாதியில் இரண்டு நிமிஷம் முடிந்ததற்கான மணி அடித்தது எனக்குக் கேட்டது. கண்ணை மூடியிருந்த அக்காவுக்குக் கேட்கவில்லை.

"ஆமென்" என்றாள். மண்டபமும் "ஆமென்" என்றது. சுடலைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிகழ்ச்சி நடத்துகிற பெண் காதில் இருந்த கருவியை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, "அம்மாவின் இந்த உருக்கமான ஜெபத்தோடு ஒரு சிறிய இடைவேளை" என்றாள். ஒருவன் வந்து அக்கா கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு போனான்.

"இன்னும் கேள்வியே கேக்கலய்யா" என்று நான் கத்தினேன். மைக் இல்லாமல் கத்தினால் யாருக்குக் கேட்கும்? "உங்க தெருவுக்கு நேரம் முடிஞ்சிட்டும்மா, உக்காருங்க" என்றான் அந்தப் பையன், ரொம்பப் பணிவாக. அக்கா நின்றுகொண்டே இருந்தாள். கை விரல்கள் மைக்கைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன. நான்தான் பிடித்து உட்கார வைத்தேன்.

இடைவேளை முடிந்ததும் பின் தெருக்காரர் சிவகணேஷ் எழுந்தார். மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவர், மரியாதை என்றால் என்ன விலை என்பார். அவரும் தண்ணீரைத்தான் கேட்டார். "குழாய் எப்ப வரும்? கதை வேண்டாம், தேதி சொல்லும்வே." அவர் முன்னால் சுடலைராஜ் குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். தேர்தல் முடிந்ததும் வைகாசி முதல் வாரத்தில் பின் தெருவில் வேலை தொடங்கும், ஒதுக்கீடு ஏற்கெனவே ஆகிவிட்டது, இது டிவியில் நான் கொடுக்கிற வாக்கு என்றார். பெரிய கைதட்டல். அக்காவும் தட்டினாள். இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் வரும்போது வண்ணார்பேட்டையைத் தாண்டினோம். அப்புறம் அக்கா என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள். "சுந்தரி, எனக்குப் பிடிச்சிருந்துது."

"என்னது?"

"அவரு குனிஞ்சது. அத்தன பேரு பாக்க எனக்கு முன்ன வந்து குனிஞ்சது எனக்குப் பிடிச்சிருந்துது. கேள்வி ஞாபகத்துலதான் இருந்துது. சீக்கிரம் முடிச்சிட்டுக் கேக்கணும்னு நினைச்சேன். முடிக்க மனசு வரல."

திட்டத்தான் வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

தெருவில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம். தாஜ் பாய் "நல்லாருந்துச்சுக்கா" என்று சொல்லிவிட்டு உடனே தராசைத் துடைக்கப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் டிவியை அணைத்துவிட்டு ஈஸிசேரில் படுத்திருந்தார். "ஜெபம் பிரமாதம். தண்ணி?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போன அக்கா வேதபாடம் வாசிக்காமல் திரும்பி வந்தாள். பாதிரியாரை அவர்கள் ஐயர் என்பார்கள், அந்த ஐயரம்மா இவளைக் கட்டிப்பிடித்து எத்தனை பெரிய சாட்சி என்று பாராட்டினார்களாம். இன்னொருத்தி, எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டாளாம். "ரெண்டுல எது கூடுதலா வலிச்சுதுன்னு தெரியலட்டி" என்றாள் அக்கா என்னிடம்.

இத்தோடு போயிருந்தால் நாலு நாளில் மறந்திருப்பார்கள். கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஜெபத்தை வெட்டி எடுத்து, பின்னால் கீபோர்டு வாசிப்பு சேர்த்து, செல்போனில் பரப்பி, வண்டியில் பெரிய திரை கட்டி ஊர் ஊராகப் போட ஆரம்பித்தார்கள். அவர் குனிகிறார், அக்கா கையை வைக்கிறாள், 'இந்த ஜனங்களுக்காக இவர் படுகிற பிரயாசங்களை நீர் அறிவீர்', 'இவரை உயர்த்தும், ஆண்டவரே'. அப்புறம் சின்னம் வருகிறது. எஸ்றா கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணி, அங்கே அவன் ஆபீஸில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், ஏம்மா இப்படி என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஒரு காலையில் அந்த வண்டி எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. அக்கா அப்போது குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். பழுப்புப் போகட்டும் என்று திறந்துவிட்டுக் காத்திருந்தாள். அவள் குரல் ஒலிபெருக்கியில் அவள் மேலேயே வந்து விழுந்தது. குடத்தை அப்படியே போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, அத நிறுத்துப்பா. எங்க தெருவுல மட்டுமாவது போடாத."

டிரைவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தான். "நீங்கதானாம்மா அது? சூப்பரா பண்ணிருக்கிய. எங்கம்மா இத செல்போன்ல வச்சுக்கிட்டு தெனமும் கேக்கா." சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தான், அவளுக்கு மரியாதையாம்.

அன்று மத்தியானம் கோமு வந்தாள். அதற்கு முந்தின நாள்தான் சுகிர்தாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை. எத்தனை நாளைக்கு என்று தெரியாமல் பிள்ளையை யார் வீட்டில் கொண்டு விடுவது? அக்கா வீட்டுக் கூடத்தில் நானும் இருந்தேன். கோமுவைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டாள், மேலதிகாரி வந்த மாதிரி.

"கோமு, நான் உனக்கு முன்ன எந்த முகத்தோட நிக்க..."

"அட விடுங்கக்கா. நீங்க கேட்டிருந்தா மட்டும் அவரு என்ன செய்திருக்கப் போறாரு? அவுகளப் பத்தித் தெரியாதா? கேட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது." அதை அவள் மனசறிந்துதான் சொன்னாள். குத்தல் ஒன்றும் இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "பிள்ளைக்கு ஒரு ஜெபம் பண்ணிருங்கக்கா. டிவியில பண்ணுனீங்களே, அத மாதிரி."

அக்கா தலைப்பை எடுத்துத் தலையில் போட்டாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கோமு கையைக் கூப்பிக்கொண்டு காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்து, "என்னால முடியல கோமு" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் ஒருத்தருக்கு இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் யாருக்கு என்று பாருங்கள்.

கோமு போன பிறகு நான் ஆறுதலாகச் சொன்னேன். "அவ சொன்னது சரிதானக்கா. கேட்டிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது." அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். "அப்படித்தானட்டி? ஒண்ணும் ஆயிருக்காதுல்லா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். காப்பி குடிக்கும்போது கேட்டாள், துணி மடிக்கும்போது கேட்டாள். ஆமாக்கா, ஆமாக்கா என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வார்த்தையில்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

பிரசாரம் முடிகிற சமயத்தில் சுடலைராஜ் எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். திறந்த ஜீப், மாலை, ஆரத்தித் தட்டோடு பெண்கள். அக்கா வீட்டைத் தாண்டும்போது ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். படம் பிடிக்கிறவன் கூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு பின்னால் எங்கேயோ நின்றான். அக்கா வாசலில் நின்றிருந்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், இந்தத் தடவை குத்த வேண்டியிருந்தால் குத்திவிடுவது என்று.

தேவையே இருக்கவில்லை. அவர் கும்பிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்ததும் அக்கா சொன்னாள். "எங்க தெருவுல கல்லு நட்டீங்க. குழாய் எங்க? என்னைக்கு வரும்? தேதியச் சொல்லுங்க." நான் பழக்கிவிட்ட மாதிரியே, ஒரு 'தயவுசெய்து' கூட இல்லாமல்.

சுடலைராஜ் கும்பிட்ட கையை இறக்கினார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இத நீங்க அன்னைக்குல்லாம்மா கேட்டிருக்கணும்" என்றார், வீட்டுப் பெரியவர்களிடம் பேசுகிற மாதிரி. "இந்த வருஷம் ஒரு தெருவுக்குத்தான் ஒதுக்கீடு. அது உங்க தெருவுக்குன்னுதான் இருந்துது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமப் போனது எனக்கும் தெரியும். அன்னைக்கு எப்படியும் கேப்பியன்னு தேதிய எழுதிப் பையில வச்சிட்டுத்தான் வந்தேன். ஊரே பாத்துக்கிட்டு இருக்கும்போது கேட்டிருந்தியன்னா சொல்லித்தானம்மா ஆகணும். நீங்க கேக்கல. பின் தெருக்காரரு கேட்டாரு. டிவியில சொல்லியாச்சு, இனி மாத்த முடியாது."

"கேட்டிருந்தா..." என்றாள் அக்கா.

"உங்களுக்குத்தான். அடுத்த வருஷம் கண்டிப்பா பாப்போம்மா." மறுபடி கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பொய் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே அவரை நான் கிழித்திருப்பேன். அதற்கென்று வார்த்தைகளும் சேர்த்து வைத்திருந்தேன். அவர் சொன்னது உண்மை. சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். அக்கா என் கையைப் பிடித்தாள். ஜீப் நகர்ந்து, கூட்டமும் அதோடு நகர்ந்து, தெரு காலியானதும் நாங்கள் நிமிர்ந்தோம்.

எதிர் வாசலில் கோமு நின்றிருந்தாள். சுகிர்தா அவள் தோளில் சாய்ந்திருந்தாள். இவ்வளவு குறுகலான தெருவில் அவர் பேசியது ஒன்றுவிடாமல் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"கோமு" என்றாள் அக்கா.

கோமு மகளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைப் பையச் சாத்தினாள்.